மஞ்சப்பையும் டி84.030ஏ-வும்

போன பொங்கலுக்குக் குள்ளஞ்சாவடி போயிருந்தப்போ பெரியம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். 2009-ல் வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர். இப்போது நாலு அடி நடந்தாலே தொடையில் வலி. "உள்ள வச்சது லூஸ் ஆயிடுச்சாம்பா. நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்."

நான் எழுதுவது சாஃப்ட்வேர். எலும்பு பற்றி என்ன தெரியும்? ஆனால் அக்கா மகள் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறாள். டாக்டர் எழுதியதைப் படித்து ஐசிடி குறியீடாக மாற்றும் வேலை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பணம் கொடுப்பதற்கு இந்தக் குறியீடு வேண்டும். டாக்டரின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "டி84.030ஏ, மாமா."

பிரித்துப் பார்த்தால் புரிகிறது. டி84 என்றால் எலும்பிலும் மூட்டிலும் பொருத்திய சாதனங்களால் வரும் சிக்கல். அடுத்த 0, செயற்கை மூட்டின் இயந்திரக் கோளாறு. அதற்கடுத்த 3, தளர்வு. அந்த இடத்தில் 1 வந்தால் உடைந்தது, 2 வந்தால் இடம் நழுவியது, 6 வந்தால் உரசும் பரப்பு தேய்ந்தது. பிறகு வரும் 0 வலது இடுப்பு. 1 என்றால் இடது. கடைசி 'ஏ' முதல் தடவை வந்தவர் என்பதல்ல, சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று பொருள். கிருமித் தொற்று என்றால் டி84.5-க்குப் போய்விடும். டாக்டர் 'வலி' என்று மட்டும் எழுதியிருந்தால் கோடர் தானாகத் தளர்வு என்று ஊகிக்கக் கூடாதாம்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அவள் கேட்டாள்: "இம்பிளான்ட் ஸ்டிக்கர் இருக்கா மாமா?"

மூட்டு வரும் பெட்டியில் கம்பெனி, மாடல், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். மஞ்சப்பையில் அது இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'வலது இடுப்பு மூட்டு முழு மாற்று' என்று ஒரே வரி. ஐசிடி குறியீட்டிலும் எந்தக் கம்பெனி என்பதற்கு இடம் கிடையாது. எங்கள் பாஷையில் சொன்னால், வெர்ஷன் நம்பர் இல்லாத பக் ரிப்போர்ட்.

இது சின்ன விஷயமில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ விற்ற ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில் உலோகக் குண்டு உலோகக் கிண்ணத்தில் உரசும். தேய்ந்த கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, சுற்றியுள்ள சதை கெட்டது. ஆஸ்திரேலியாவில் யாருக்கு எந்த மூட்டு, எது மறுபடி மாற்றப்பட்டது என்று 1999 முதல் பதிவேடு இருக்கிறது. கோளாறு அதில் தெரிந்தது. 2009 டிசம்பரில் அங்கே திரும்பப் பெற்றார்கள். பிரிட்டன் பதிவேட்டில் ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு அறுவை. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு ஏஎஸ்ஆர் வைக்கப்பட்டது. 2017-ல் மத்திய அரசு அமைத்த குழு தேடியபோது 3,600 பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. பிறகு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று முடிவானது. வாங்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தால்தானே கொடுப்பதற்கு?

பெரியம்மாவுக்கு வைத்தது ஏஎஸ்ஆர் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் பிரச்சினை. இழப்பீடு கிடக்கட்டும், மறு அறுவை செய்யும் டாக்டருக்கும் உள்ளே இருப்பது என்ன மாடல் என்று தெரிந்தால்தான் அதைக் கழற்றும் கருவியையும் பொருந்தும் பாகத்தையும் முன்கூட்டியே வரவழைக்க முடியும். அறுவைக் குறிப்பின் நகல் கேட்டுப் பழைய ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டோ, பேஸ்மேக்கரோ, ஸ்டென்டோ வைத்திருந்தால் இன்றைக்கே ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். இல்லையென்றால் கேளுங்கள், வருடம் போகப்போக ஆஸ்பத்திரியில் பழைய பதிவு கிடைப்பது கஷ்டம்.

பெரியம்மாவுக்கு மாசியில் ஆபரேஷன். மஞ்சப்பை இப்போது என்னிடம்தான் இருக்கிறது.