வெயில் தின்ற பாய்

பாய் என்றதும் படுக்கிற பாய் என்று நினைத்துவிடாதீர்கள். பலகை மேல் நின்று காற்றைப் பிடித்துக் கடலில் போகிறார்களே, விண்ட்சர்ஃபிங், அதன் பாய். ராமேஸ்வரத்தில் அதைக் கற்றுக்கொண்ட என் தம்பி, "அக்கா, பாதி விலைக்குப் பழசு வருது" என்று வந்து நின்றான். சீட்டுப் பணம் கையில் இருந்தது. பார்க்காமல் தரமாட்டேன் என்று கூடவே போனேன்.

நமக்குத் தெரிந்தது தையல்தானே! நகத்தால் நிமிண்டினேன், நூல் உதிர்ந்தது. நடுவிலுள்ள கண்ணாடித் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே மங்கல், மடிப்பெல்லாம் வெள்ளைக் கோடு. நாள்கணக்கில் வெயிலில் கிடந்திருக்கிறது. ஒரு துண்டு கிழிந்திருந்தால் மாற்றலாம்; இப்படி மொரமொரத்த தாளில் தைத்தால் ஊசி போன வழியே கிழியும். கடலுக்குள் போய்க் கிழிந்தால் பிள்ளை எப்படிக் கரை வருவான்?

புதுசுக்குப் பணம் பத்தவில்லை. இரண்டு மாதம் பொறுத்து வேறொரு பழசு கிடைத்தது. நிழலில் சுருட்டி வைத்தது, தையலும் கெட்டி. அவன் கம்பத்திலேயே ஏற்றி, விறைப்பாக இழுத்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். இப்போது அதை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிட வந்தால் என்னிடம் திட்டு நிச்சயம்!

- ஒரு வாசகி, ராமநாதபுரம்.