வீட்டிலும் கையிலும் ஆடும் கருவி

தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. அதன் முன்னே உரிமை கோருவோர் ஐவர். மாலை ஏழு மணிக்கு அத்தகைய இல்லத்திலே என்ன நிகழும் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாட்டிக்கு நாடகம், தந்தைக்குச் செய்தி, பையனுக்குக் கிரிக்கெட். மாத்தளை நகரிலும், இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. கடல் கடந்த ஜப்பானிலே, கியோட்டோ நகரத்துக் கொம்பனியொன்று இதே வழக்கை வியாபாரமாக்கிற்று.

நின்டெண்டோ என்னும் அக்கொம்பனி 1889இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கியது. பிற்காலத்தில் வீடியோ விளையாட்டுக் கருவிகளை இரு வகையாக விற்றது. ஒன்று தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவது. மற்றது, 1989இல் வந்த ‘கேம் போய்’ போலக் கையிற் கொண்டு செல்வது. இரண்டும் வேண்டுமாயின் இரு செலவு.

2012இல் ‘வீ யூ’ வந்தது. அதன் கைத்திரையை அடுத்த அறைக்கு அப்பால் கொண்டுபோக இயலவில்லை. முந்திய ‘வீ’ கருவிக்கு இஃது ஓர் உதிரிப்பாகமோ எனவும் மக்கள் மயங்கினர். பத்துக் கோடிக்கு மேல் விற்ற ‘வீ’யின் தம்பி, ஏறக்குறைய 1 கோடி 36 இலட்சத்தோடு நின்றுவிட்டது.

2017 மார்ச் 3ஆந் திகதி ‘ஸ்விட்ச்’ வெளியாயிற்று. தாங்கியிற் செருகினால் படம் தொலைக்காட்சியிலே தெரியும். உருவி எடுத்தால் ஆட்டம் அறாமல் அதன் சொந்தத் திரையிலே தொடரும். இரு பக்கத்துக் கைப்பிடிகளையும் கழற்றி அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். சோனியும் மைக்ரோசொப்டும் கருவியின் வலிமையிலே போட்டியிட்டுக்கொண்டிருக்க, நின்டெண்டோ அக்களத்தில் இறங்கவேயில்லை. ‘இது வீட்டுக் கருவி, வெளியேயும் கொண்டுபோகலாம்’ என்றே விளம்பரஞ் செய்தது. பழைய கைக்கருவியான ‘3டிஎஸ்’ஸையும் கைவிடாது 2020 வரை உற்பத்தி செய்தது. புதியது தோற்றிருந்தாலும் பழையது சோறு போட்டிருக்கும்! 2019இல், தொலைக்காட்சியோடு இணையாத ‘ஸ்விட்ச் லைட்’ 200 டொலருக்கு வந்தது. ஒரே வீட்டில் இரண்டாவது கருவி நுழைவதற்கு அது வழி. இதுவரை ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றுள்ளது.

இனி நம் மாவட்டத்துக் கணக்கைப் பார்ப்போம். முதற் கருவி வெளிவந்தபோது அதன் அமெரிக்க விலை 300 டொலராயிருந்தது. 2017இல் அஃது ஏறக்குறைய 45,000 ரூபாய். 2022இல் நம் நாணயம் சரிந்தது. 2024இல் அதே 300 டொலர் 90,000 ரூபாயாயிற்று. அவ்வாண்டு தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அறுபத்தேழு நாள் கொழுந்து பறித்த கூலியை ஒரு சதமும் செலவிடாது வைத்தால் கருவி கைக்கு வரும். வரியும் கப்பற்கூலியும் வேறு. புதிய விளையாட்டொன்று 60 டொலராயின், அதற்கும் பதின்மூன்று நாட்கூலி. இரண்டுக்குப் பதில் ஒன்று என்ற சிக்கனம் அமெரிக்கருக்குச் சரி. லயன் காம்பராவிலே அது சிக்கனமாகாது.

ஆகவே இங்கே அவ்விடத்தைப் பிடித்தது கைத்தொலைபேசியே. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே அதில்தான் வந்தது. தாயிடம் காரணஞ் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளையாட்டு அதனுள்ளே இலவசமாக நுழைந்துகொண்டது. இலவசம் என்றோம், பெயரளவில்தான். ஆடத் தொடங்கிய பின் உடைக்கொரு விலை, ஆயுதத்துக்கொரு விலை, ரீலோட் பணம் கரைவது தெரியாமற் கரையும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுப் பெரும்பாலும் மீண்டும் கை நீட்டாது. இருவர் அருகமர்ந்து ஆடும் வழக்கமும் சிறு திரையிலே அருகிவிட்டது. வசதியுள்ள பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம். ஏனையோருக்கு இப்பேச்சு எட்டாக் கனியே.

2025 ஜூன் 5ஆந் திகதி ‘ஸ்விட்ச் 2’ வெளிவந்தது. அப்போது அதன் அமெரிக்க விலை 450 டொலராயிருந்தது. டொலர் 300 ரூபாய் என வைத்து, 2024ஆம் ஆண்டுக் கூலியாற் கணக்கிட்டால், சரியாக நூறு நாட்கூலி.