இடர்ப்பொழுதில் ஆடற்பயிற்சி

இயல், இசை, நாடகம் என மூவகையாய் வளர்ந்தது நம் தமிழ். இவற்றுள் நாடகத் தமிழோடு இணைத்தெண்ணப்படும் ஆடற்கலையை மகிழ்ச்சிப் பொழுதிற்கே உரியதாகக் கருதுவோர் பலர். மணவீட்டிலும் விழாக்களத்திலும் ஆடல் பொருந்தும். துயர் சூழ்ந்த இடத்தில் அதற்கென்ன வேலை என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு இலக்கியமும் மருத்துவமும் தரும் விடையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்ச்சியர் குரவை

சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் ஆயர்சேரியில் தீநிமித்தங்கள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்கள் நீர் சொரிகின்றன. பசுக்கள் நடுங்கி நின்று கதறுகின்றன. வரப்போவது இன்னதென அறியாத அச்சம் சேரியைச் சூழ்கிறது. அவ்வேளையில் முதுமகள் மாதரி, கறவையும் கன்றும் துயர் நீங்குமாறு குரவையாடுவோம் என்கிறாள். ஏழு மகளிர் ஏழிசையின் பெயர்களைப் பூண்டு, வட்டமாய் நின்று, கைகோத்து ஆடுகின்றனர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. குரவை தீங்கைத் தடுத்துவிடவில்லை. ஆடல் முடிந்த பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தி வந்தே சேர்கிறது. எனினும் அஞ்சிய மக்கள் ஆளுக்கொரு மூலையில் ஒடுங்காமல், ஒருவர் கையை ஒருவர் பற்றி நின்றனர். துன்பத்தை மாற்றுவது ஆடலின் பணியன்று. துன்பத்தைத் தாங்குவோர் தனித்துப் போகாமல் காப்பதே அதன் பணி என்பதை இளங்கோவடிகள் இக்காட்சியால் உணர்த்துகிறார் எனலாம்.

மருத்துவம் கண்ட உண்மை

இதே வட்டத்தைக் கடல் கடந்த நாடொன்றில் மருத்துவமனைக்குள் காண்கிறோம். அமெரிக்க ஆடற்கலைஞர் மேரியன் சேஸ், 1942ஆம் ஆண்டு வாஷிங்டனிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களும் அங்கிருந்தனர். பேச்சால் அணுக இயலாதவர்களை அவர் வட்டமாய் நிறுத்தி, அவர்தம் சிறு அசைவுகளையே தாமும் அசைந்து காட்டி, படிப்படியாக ஆடலுக்குள் அழைத்து வந்தார். 1966இல் அமெரிக்க ஆடல் சிகிச்சைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே.

நடுக்குவாத நோயாளிகளுக்கான ஆடல் வகுப்புகளை நியூயார்க் புரூக்ளினில் மார்க் மாரிஸ் ஆடற்குழு 2001இல் தொடங்கியது. தாளம் கேட்கும்போது தயங்கும் கால் அடியெடுத்து வைக்க எளிதாகிறது என்பதே இப்பயிற்சியின் அடிப்படை. 75 வயதைக் கடந்த 469 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வொன்று, உடலியக்கப் பொழுதுபோக்குகளுள் ஆடலோடு மட்டுமே மறதிநோய் குறைவு தொடர்புற்றிருந்ததெனக் கண்டது. ஆடலே காரணமென அறுதியிட இஃதொன்றே போதாது. எனினும் எண்ணத்தக்க செய்தியாகும்.

பயிற்சியின் ஆற்றல்

ஆடலைக் காண்பதினும் பயில்வதே பெரும்பயன் தரும். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற பின்னரே மாதவி அரங்கேறினாள். பரதநாட்டிய மாணவர் அரைமண்டியில் நின்று ஓரடவை மூன்று காலத்திலும் ஆடும்போது கால் தாளத்தையும், கை முத்திரையையும், கண் கையையும் பின்பற்ற வேண்டும். இவையனைத்தையும் ஒருங்கே காக்கும் மனத்தில் கவலை நுழைய இடமில்லை. மூச்சு சீர்படுகிறது, உடல் களைத்து, உறக்கம் வருகிறது. நேற்று வராத அடவு இன்று வருகிறது. எல்லாம் கைவிட்டுப் போனதாகக் கலங்குவோர்க்கு அச்சிறு வெற்றி பெருந்துணையாகும்.

1981இல் தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்தார் சுதா சந்திரன். ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலுடன் மீண்டும் பயின்று, 1984இல் மேடையேறினார். இழந்த கால் திரும்பவில்லை. இழந்த வாழ்வு திரும்பியது.

முடிவுரை

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறைகள் மூடிக்கிடந்தபோது, நம் மாணவர் பலர் தனிமையில் வாடியதை நாம் அறிவோம். தேர்வில் தோல்வி, வீட்டில் வறுமை, உற்றார் மறைவு என இடர்கள் இன்றும் தொடர்கின்றன. இவற்றை வாய்விட்டுச் சொல்ல நாணும் இளைஞர்க்கு, சொல்லாமலே பிறரோடு சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும்.

ஆடல் என்றதும் ஒப்பனையும் மேடையும் நினைவுக்கு வருவதால் தயங்கும் பெரியோர்க்கு ஒன்று கூறுவோம். கும்மிக்கும் கோலாட்டத்திற்கும் ஒயிலாட்டத்திற்கும் மலபார் மாப்பிள்ளைமாரின் கோல்களிக்கும் முற்றம் போதும். ஆழ்ந்த மனச்சோர்வுற்றோர் மருத்துவரை நாட வேண்டும். ஆடல் மருந்துக்கு மாற்றன்று, துணையே ஆகும்.

மாதரி கேட்டது ஏழு பேரைத்தான். நம் கல்லூரி முற்றத்தில் வாரம் ஒரு மாலை ஏழு பேர் கைகோத்து நிற்பது அரிதன்று. எட்டாவதாக வந்து சேரும் ஒருவர்க்கு அவ்வட்டமே வாழ்வாகவும் அமையலாம்.