ஓடியும் நின்றும் அலைக்கும் மோட்டார் வண்டி

முற்றாகப் பழுதுற்ற மோட்டார் வண்டியிலும் பார்க்க, ஒருநாள் ஓடி மறுநாள் நிற்கும் வண்டியே உடையவரைப் பெரிதும் வருத்துவது. பழுதுபார்க்கும் இடத்தை அடைந்ததும் அது குற்றமற்றதுபோல் இயங்கும். புகையிரதக் கடவையில் ஏறியதும் நின்றுவிடுதல் கூடும். அப்போது உயிருக்கே ஆபத்து. ஊகத்தாற் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினாற் பணம் கரையும், பழுதோ எஞ்சியிருக்கும். ஆதலின், வண்டி நின்றதும் அதனை வீதியோரம் தள்ளி அவ்வேளையிலேயே சோதித்தல் நன்று.

1948 முதல் 1971 வரை உற்பத்தியாகி, இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். பெற்றோல் இயந்திரத்துக்கு எரிபொருளும் தீப்பொறியும் வேண்டும். எது தவறியதென்பதை வண்டி நின்ற விதமே பெரும்பாலும் உணர்த்தும். விளக்கணைந்தாற்போலச் சடுதியாக நின்றாற் பொறியை ஐயுறலாம். விக்கித் தடுமாறி வலுவிழந்து நின்றால் எரிபொருளை ஐயுறலாம்.

பெற்றோல் ஆவி அணுகாவண்ணம், கழற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்றை அதன் கம்பியிற் பொருத்தி, இயந்திரத்தின் உலோகத்திற் படவைத்து, இயந்திரத்தைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். நீலப்பொறி தோன்றாவிடின் டிஸ்ரிபியூட்டரின் தொடுமுனைகளை நோக்குக. அவை திறந்திருக்கையில் இடைவெளி 0.015 அங்குலமாதல் வேண்டும். விரைவிற் கருகினால் கொண்டென்சரும் ஐயத்துக்குரியது. உள்ளேயுள்ள சிறு கம்பி, உறை முழுதாயிருக்க அகத்தே அறுந்து, அசைவுக்கேற்பத் தொட்டும் விலகியும் எம்மை ஏமாற்றுவதுண்டு. சூடேறியபின் மறைந்த பொறி ஆறியபின் மீளுமாயின், கொயிலே பெரும்பாலுங் காரணம்.

பொறி நன்றாயிருந்தால் எரிபொருள் வழியை ஆராய்வோம். சாவியைத் திருப்பியதும் மின்பம்பி 'டிக் டிக்' என ஒலித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கும். ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமையாயிருக்கலாம். அன்றேல் உறிஞ்சுங் குழாயிற் காற்றுப் புகலாம். ஒலியின்றி இருந்த பம்பி மெல்லத் தட்டியதும் ஒலித்தால், அதன் தொடுமுனைகள் கெட்டுள்ளன. தாங்கியின் மூடியைத் திறந்ததும் காற்று உட்புகும் ஓசை எழுந்து, வண்டியும் மீண்டும் ஓடுமாயின், காற்றுத்துளை அடைபட்டதென அறியலாம்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் இனந்தெரியாத உப்பொன்றைச் சோதித்தபோது, ஒன்றை விலக்கிய பின்னரே அடுத்ததை நாடினோம். அம்முறையே இங்கும் உதவுவது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றியபின் வண்டி ஓடினால், காரணம் எதுவென்பதை நாம் அறியோம். காரணம் அறியாத பழுதைத் தீர்ந்ததெனக் கொள்ளல் ஆகாது.