பள்ளி திறக்குமுன் குழந்தைகளின் தூக்கம்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்த முதல் வாரத்தில், கிராமப் பள்ளி எதற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகள் பலர் காலை பத்து மணிக்கே கண் சொருகி அமர்ந்திருப்பர். அவர்களை மந்தபுத்தி உள்ளவர்கள் என்று கருதுவோர் உளர். அது தவறு. அவர்கள் தூக்கம் கெட்டவர்கள்; அவ்வளவே.

தூக்கம் கெட்ட விதம் நாம் அறியாததன்று. வட ஆர்க்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழா பெரும்பாலும் கோடையில்தான் நடைபெறுகிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து எனப் பல நாட்கள் செல்லும். பிள்ளைகள் விடியும் வரை விழித்திருந்து நண்பகல் வரை உறங்குவர். இதனைக் குறை கூற நான் முன்வரவில்லை. நானும் அவ்வாறு கூத்துப் பார்த்து வளர்ந்தவனே. ஆனால் திருவிழா முடிந்த பின்பும் கைப்பேசி அந்த இரவுகளை நீட்டித்துவிடுகிறது.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. 2022-ல் தொடங்கி, 2023-ல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில், பள்ளி தொடங்குமுன் உணவு வழங்கப்படுகிறது. தாமதமாக எழும் பிள்ளை அதனை இழந்து வெறும் வயிற்றோடு பாடம் கேட்கிறது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. ஆறு வயதுக்கு மேல் 9 மணி நேரமேனும் தேவை என்பது மருத்துவர் கருத்து.

பள்ளி திறப்பதற்கு முதல்நாள் இரவு, “எட்டு மணிக்கே படு” என்று அதட்டுவதால் பயனில்லை. பிள்ளை இருளில் புரண்டுகொண்டிருக்கும். சில வீடுகளில் அடியும் வாங்கும். தூக்கத்தை ஆணையிட்டு வரவழைக்க இயலாது. ஆனால் விழிப்பை நம்மால் ஏற்படுத்த முடியும். ஆகவே மாற்றத்தைக் காலையிலிருந்தே தொடங்க வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடலின் உட்கடிகாரம் திருத்தம் பெறுகிறது. அன்றிரவு உறக்கம் சற்று முன்னதாக வருகிறது. மாறாக, இரவில் கண்ணுக்கு நேரே ஒளிரும் கைப்பேசி உறக்கத்தைத் தள்ளிப் போடுகிறது.

நெடுநாள் ஓய்ந்திருந்த எருதை முதல் நாளே முழுப் பொழுதும் ஏரில் பூட்டும் உழவர் எவருமில்லை. பிள்ளைக்கும் இரண்டு வார அவகாசம் கொடுங்கள். இரண்டு நாட்களுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, உடனே முற்றத்து வெயிலுக்கு அனுப்புங்கள். படுக்கும் நேரத்தையும் அவ்வாறே முன்னே கொணருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உறங்கவிட வேண்டாம்; மாலைத் தேநீரையும் நிறுத்துங்கள். இரவு உணவு, கால் கழுவுதல், பாய், ஒரு கதை என்ற வரிசை நாள்தோறும் மாறாதிருந்தால், பாய் விரித்ததுமே குழந்தைக்குக் கண் சுழலும். ஞாயிற்றுக்கிழமை என்று விதிவிலக்கு அளிப்பது பலருடைய வழக்கம். ஒரு வாரத்து முயற்சி அதில் பாழாகும். அலுவல் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, உறங்கும் மகளை எழுப்பிக் கொஞ்சிய குற்றம் எனக்கும் உண்டு. என் மனைவி அதனைத் தடை செய்த பிறகே மகள் காலையில் அழாமல் எழுந்தாள்.

வீட்டார் மட்டும் முயன்றால் போதாது. திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாவுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கூத்து விடியும் வரை நடக்கட்டும். ஒலிபெருக்கி ஓய்ந்தால், பார்க்க விரும்புவோர் சற்று நெருங்கி அமர்வர். கோடையில் பிள்ளைகள் திண்ணையிலும் வாசலிலும் படுப்பதால், தெருவிளக்கின் ஒளி அவர்கள் முகத்தில் விழாதவாறு ஒரு தகடு பொருத்தித் தருவதும் பஞ்சாயத்தால் இயலும் காரியமே. மே முதல் தேதி கிராம சபை கூடும்போது பள்ளி திறக்க ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும். இவ்விரண்டையும் அன்றே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.