கடல்நீர் வெந்நீரூற்று: பசுந்தீவின் சான்று

நிலத்தினின்று வெந்நீர் சுரத்தல் உலகின் பல பகுதிகளிலும் காணப்படுவதொன்று. அலை தொடும் எல்லையிலேயே உவர்ப்புடைய வெந்நீர் சுரத்தலோ அருகிய காட்சியாகும். தைவானின் தென்கிழக்கே, தைத்துங் நகருக்கு அப்பால் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பசுந்தீவில் இத்தகைய ஊற்று ஒன்று உண்டு. அதன் பெயர் சாவ்ரி. காலைக் கதிரவன் என்பது அதன் பொருள். உலகில் இத்தகைய ஊற்றுகள் இரண்டோ மூன்றோதாம் உள என்பது பயணக் குறிப்புகளில் பலகாலும் எடுத்தோதப்படும் கூற்று. அது பொருந்துமா என்பதையும், இவ்வூற்றை எப்பெயரால் சுட்டுதல் தகும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

1. தீவின் இயல்பு

பசுந்தீவு 15 சதுர கிலோமீட்டர் அளவினதாகிய சிறு தீவு. யூரேசியத் தட்டும் பிலிப்பைன் கடல் தட்டும் முட்டும் எல்லையில், லூசோன் எரிமலைத் தொடரின் வடபகுதியில் எழுந்தது. ஆண்டிசைட்டு என்னும் எரிமலைப் பாறையே அதன் உடல். எரிமலை அவிந்து நெடுங்காலம் ஆயினும் அடிநிலத்தின் வெம்மை இன்னும் ஆறவில்லை. 1949க்கு முன் இத்தீவு ‘தீயால் எரிந்த தீவு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கியது. அப்பெயரை எரிமலையோடு உடனே இணைத்துவிடுதல் கூடாது. கடல்மேற் சென்ற படகுகட்கு வழிகாட்டக் குன்றின்மேல் தீ மூட்டினர் என்று அப்பெயர்க்குக் காரணம் கூறும் வழக்கும் உண்டு. பெயர்க்காரணம் வேறு, நிலத்தியல் காரணம் வேறு என்க.

2. உவர்ப்பும் வெம்மையும்

கரையோரப் பாறைப் பிளவுகளின் வழியே கடல்நீர் கீழிறங்குகிறது, ஆழத்தில் சூடேறுகிறது, சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. எழும் வழியில், உள்நிலத்தில் பெய்து இறங்கிய மழைநீரும் அதனோடு கலத்தல் கூடும். ஆதலின் ஊற்றின் உவர்ப்பு கடலின் உவர்ப்போடு முற்றும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதில்லை.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. அந்நீர் மிகுந்த வெம்மையில் பாறையோடு நெடிது பழகும்போது, அதிலுள்ள மக்னீசியம் பாறையிற் பிறக்கும் களிமண் கனிமங்களிற் சென்று சேர்கிறது. பாறையினின்று கால்சியம் நீரில் கரைகிறது. சல்பேட்டு அக்கால்சியத்தோடு கூடிப் படிகிறது. குளோரைடு மட்டும் பெரிதும் மாறாது நிற்கிறது. எனவே குளோரைடு மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருப்பின், அது பாறையின் ஆழத்திற் புக்கு மீண்ட கடல்நீர் என்று கொள்ளலாம். ஊற்றுவாயில் அலைநீர் வந்து கலந்ததனால் மட்டும் உவர்த்த நீராயின், கலந்த அளவிற்கேற்ப மக்னீசியமும் உடன் மிகும். நாவிற்கு இரண்டும் உவர்ப்பே. ஆய்வாளர்க்கு இரண்டும் வேறு.

3. பெயரும் எண்ணிக்கையும்

ஊறுதலின் ஊற்றாயிற்று. மலைப்பாறையில் நீர் நிற்பதைச் சுனை என்றும், தோண்டப்பெற்றதைக் கேணி என்றும் பிரித்து வழங்கிய மொழி நம்முடையது. அத்தெளிவு அறிவியல் எழுத்திற்கும் வேண்டும். ‘உவர்நீர் வெந்நீரூற்று’ என்பது பொதுப்பெயர். கடலோடு தொடர்பின்றி, பண்டைய உப்புப் படிவுகளைக் கரைத்து உள்நாட்டிற் சுரக்கும் ஊற்றுகளையும் அது தழுவும். பசுந்தீவின் ஊற்றைக் ‘கடல்நீர் வெந்நீரூற்று’ என்பதே பொருந்தும்.

இவ்வாறு வரையறுத்த பின்னரும், ‘இரண்டோ மூன்றோ’ என்னும் கூற்று நிற்கவில்லை. ஜப்பானின் சிக்கினே தீவில் கடலோரப் பாறைகளிடையே வெந்நீர் சுரந்து அலைநீரோடு கலக்கிறது. யாக்குத் தீவின் ஹிராவுச்சி ஊற்று, நீர் வற்றும் வேளையை ஒட்டிய சில மணி நேரமே வெளிப்படும். பிலிப்பைன் நாட்டின் கோரோன் நகரையடுத்த மக்கினித்து ஊற்றும் உவர்நீருடையதே. ஆகவே அருமை உண்டு, ஒருமை இல்லை.

கடலை அடுத்திருத்தல் ஒன்றே உவர்ப்பிற்குக் காரணமாகாது என்பதற்கு ஈழத்துத் திருகோணமலையை அடுத்த கன்னியா சான்றாகும். அங்குள்ள ஏழு கிணறுகளும் வெந்நீருடையன, எனினும் நன்னீரே. எரிமலை இல்லாத அந்நிலத்தில், ஆழச் சென்று மீளும் மழைநீரே வெந்நீராகிறது.

4. சூழல்

பசுந்தீவின் கரையில் தாழையும் அடும்பும் வளர்கின்றன. நெய்தற் பாடல்களிற் பயின்றோர்க்கு இவை புதியன அல்ல. கரைக்கு அப்பால் குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டம் வடக்கு நோக்கிச் செல்கிறது. அதனாற் பவளத்திட்டுகள் செழித்தன. ‘பெருங்காளான்’ எனப்பட்ட பல நூற்றாண்டு மூத்த பவளப்பாறை ஒன்று இத்தீவின் கடலில் நின்றது. 2016இல் வீசிய புயலில் அது சாய்ந்தது. 2020இல் தைவானைச் சூழ்ந்த கடலிற் பவளங்கள் பரவலாக வெளிறின. ஊற்றுநீரின் வெம்மை அதன் வாயையடுத்த சிற்றிடத்தே அடங்கும். கடல் முழுதும் வெம்மையுறின் பவளம் தாங்காது. பல நூற்றாண்டு வளர்ந்தது ஒரு புயலில் வீழ்தல் கூடும் என்பதை இத்தீவு காட்டுகிறது.

5. முடிவு

‘உலகில் மூன்றே’ என்னும் சொல் மக்களை ஈர்க்கும். ஆயின் உண்மையைக் காக்காது. மெய்யல்லாத அருமையைக் கூறி ஓரிடத்தைப் போற்றினால், வேறோரிடத்தில் அத்தகைய ஊற்று உண்டென அறிந்தவுடன் அப்போற்றுதல் தளரும். பாறையும் கடலும் மழையும் கூடி ஓரூற்றை ஆக்கிய முறையை உணர்ந்து போற்றின், அது தளராது. தமிழில் அறிவியல் எழுதப் புகுவோர் எண்ணிக்கையை ஆராயாது பெயர்த்தெழுதாமல், பொருளை வரையறுத்துப் பெயரிட முற்படுதல் வேண்டும் என்பதே எம் கருத்தாகும்.