மூலிகை ஓகே... மாத்திரை எங்கே?

(பாய்ஸ், பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க தங்கச்சிக்கும் உதவும்!)

பீரியட்ஸ் ரெண்டு மாசம், மூணு மாசம்னு தள்ளிப் போகுதா? தாடையில முடி, கன்னத்துல பரு? அவ்வளவுதான், ஹாஸ்டல்ல ஆளாளுக்கு டாக்டர் ஆகிடுவாங்க. ‘கழற்சிக்காய் பொடி சாப்பிடு’, ‘வெந்தயத்தை ஊற வெச்சுக் குடி’, ‘பட்டை டீ போடு’...

என் ரூம்மேட்டுக்கும் இதே கதைதான். ‘பி.சி.ஓ.எஸ்.’னு சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தாங்க. அவளோ, ‘இயற்கை... சைடு எஃபெக்ட்டே இல்லை’ங்கிற விளம்பரத்தை நம்பி மூலிகை கேப்ஸ்யூலுக்கு மாறிட்டா. மாத்திரை அலமாரியில தூங்குச்சு. நாலு மாசம் பீரியட்ஸே வரலை. திரும்பப் போனப்ப, ‘வேற ஏதாவது சாப்பிடுறியாம்மா?’னு டாக்டர் கேட்டாங்க. திட்டு விழுமோன்னு பயந்து, ‘இல்ல மேடம்’னுட்டா. பக்கத்துல இருந்த நானும் வாயைத் திறக்கலை.

இது அவ ஒருத்தியோட பிரச்னை இல்லை. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவிகிதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அப்போ மூலிகையெல்லாம் சும்மாவா? அப்படியும் இல்லை! பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு நிறைய பேருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ‘பிரெஞ்சு லைலாக்’ங்கிற செடிதான். 2010-ல வெளியான பிரிட்டன் ஆய்வு ஒண்ணுல, 42 பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு தினம் ரெண்டு வேளை ஸ்பியர்மின்ட் டீ கொடுத்தாங்க. முப்பதே நாள்ல டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைஞ்சது. ஆனா, டாக்டர்கள் அளந்து பார்த்தப்ப முகத்து முடியில பெரிய மாற்றம் இல்லை. லேப் ரிப்போர்ட் சிரிச்சாலும் கண்ணாடி சிரிக்கலை!

‘இயற்கைதானே, என்ன ஆகிடும்?’னு கேட்கிறீங்களா? மரமஞ்சள்ல இருக்கிற பெர்பெரின் ரத்த சர்க்கரையைக் குறைக்கும். சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையும் கூடவே போனா, டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. அதிமதுரம் அளவு மீறினா ரத்த அழுத்தம் எகிறும், பொட்டாசியம் இறங்கும்.

கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, மூலிகை ஒரு ‘ஆட்-ஆன்’. பிரவுசரையே தூக்கிட்டு ஆட்-ஆனை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இங்கே பிரவுசர்ங்கிறது டாக்டர் சொன்ன மாத்திரை, அளவான சாப்பாடு, தினசரி நடை.

அதனால மூணே மூணு விஷயம்...

* டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க.

* பொடியோ, கேப்ஸ்யூலோ, சாப்பிடுறதை மறைக்காதீங்க. உணவு சப்ளிமென்ட்டா விக்கிற டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ன்னு அதுலயே போட்டிருக்கும்!

* மூணு மாசம் பீரியட்ஸ் வரலைன்னா தள்ளிப் போடாதீங்க. நீண்ட காலம் வராமலே இருந்தா கருப்பையின் உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகலாம்.

ரூம்மேட் என்ன ஆனான்னு கேட்கிறீங்களா? அடுத்த வாரமே அவளை இழுத்துட்டுப் போனேன். இந்த முறை உண்மையைச் சொல்லிட்டா. திட்டுக்கு ரெண்டு பேரும் தயாரா உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சொன்னது ஒண்ணுதான்...

‘அந்த டப்பாவை எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா... என்ன இருக்குன்னு பார்த்திருப்பேன்ல!’